எறும்பின் அமிலமும் ஏழையின் உயிரும்

நச்சுச் சாராயத்தால் மக்கள் கொத்துக்கொத்தாக மடியும் ஒவ்வொரு முறையும் நம் நாட்டில் ஒரே விவாதம்தான் திரும்பத் திரும்ப நடைபெறுகிறது. குடித்தவர்கள் மீதே பழி சுமத்துவோர் ஒருபுறம். மதுவிலக்கு வேண்டுமா, வேண்டாமா என்று வாதிடுவோர் மறுபுறம். காவல் அதிகாரிகள் சிலர் இடமாற்றம் செய்யப்படுகிறார்கள். விற்றவர்கள் சிலர் கைதாகிறார்கள். சட்டமன்றத்தில் அமளி நடக்கிறது. பிறகு எல்லாம் அடங்கிவிடுகிறது. அந்த மனிதர்களின் உடலுக்குள் என்ன நடந்தது, எந்தப் பொருள் அவர்களைக் கொன்றது, அது யாருடைய கிடங்கிலிருந்து வந்தது, அவர்களைக் காப்பாற்ற எத்தனை மணி நேர அவகாசம் இருந்தது என்ற கேள்விகள் மட்டும் எழுப்பப்படுவதே இல்லை.

முதல் இரு கேள்விகளுக்கு விடை: பார்மிக் அமிலம். சாராயத்தில் கலக்கப்படும் மெத்தனால் நேரடியாகக் கொல்வதில்லை. மனித உடலே அதைப் பார்மிக் அமிலமாக மாற்றுகிறது. அந்த அமிலமே பார்வையையும் உயிரையும் பறிக்கிறது. இதே அமிலம்தான் கேரளத்திலும் திரிபுராவிலும் ரப்பர்ப் பாலை உறைய வைக்கிறது. கான்பூரிலும் கொல்கத்தாவிலும் ஆம்பூரிலும் தோல் பதனிடப் பயன்படுகிறது. சாயப்பட்டறைகளில் சாயத்தை நூலில் நிலைக்கச் செய்ய உதவுகிறது. இவ்விடங்கள் எல்லாவற்றிலும் அதைத் தொடுவோரும் அதனால் மடிவோரும் ஒரே வர்க்கத்தைச் சேர்ந்தவர்கள். ஆகவே இதை வேதியியல் மாணவர்களின் பாடமாக மட்டும் விட்டுவிட இயலாது. இது தொழிலாளி வர்க்க இயக்கம் கற்க வேண்டிய பாடம்.

மார்க்சும் எங்கெல்சும் அறிந்த அமிலம்

1671இல் ஜான் ரே என்ற ஆங்கிலேய இயற்கையியலாளர் ஏராளமான எறும்புகளைக் காய்ச்சி வடித்து இந்த அமிலத்தைப் பிரித்தெடுத்தார். எறும்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்தே பார்மிக் என்ற பெயர் பிறந்தது. கரிம அமிலங்களின் குடும்பத்தில் இதுவே மிகச் சிறியது: ஒரே ஒரு கரி அணு, இரண்டு ஆக்சிஜன், இரண்டு ஹைட்ரஜன்.

நம் தோழர்களுக்கு இந்த அமிலம் முற்றிலும் அந்நியமானதன்று. ‘மூலதனம்’ முதல் தொகுதியில் மதிப்பின் வடிவத்தை விளக்கும் இடத்தில் மார்க்ஸ் எடுத்தாளும் வேதியியல் உதாரணம் பியூட்டிரிக் அமிலமும் புரோப்பைல் பார்மேட்டும் ஆகும். இரண்டும் ஒரே தனிமங்களால், ஒரே விகிதத்தில் ஆனவை. ஆயினும் வெவ்வேறு பொருள்கள். அந்தப் புரோப்பைல் பார்மேட், பார்மிக் அமிலத்திலிருந்து பெறப்படுவதே. ‘டூரிங்குக்கு மறுப்பு’ நூலில் அளவு மாற்றம் பண்பு மாற்றமாக ஆவதை விளக்குவதற்கு எங்கெல்ஸ் ஓர் அமில வரிசையைத் தருகிறார். ஒரு கரி அணுவும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் கூடக் கூட ஒவ்வொரு படியிலும் புதிய பொருள் தோன்றுகிறது. அந்த வரிசையின் தலையில் நிற்பது பார்மிக் அமிலம்.

‘இயற்கையின் இயக்கவியல்’ குறிப்புகளில் எங்கெல்ஸ் இதே விதியைச் சாராயத்துக்கும் பொருத்திக் காட்டுகிறார். குடிக்கத்தக்க எத்தில் ஆல்கஹாலில் அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறோர் ஆல்கஹால் சிறிதளவு கலந்தால், மறுநாள் காலையில் குடித்தவரின் தலையே அந்த வேறுபாட்டை உணரும் என்பது அவரது கருத்து. இன்று நாம் பேசும் பொருளில் வேறுபாட்டை உணர்வது தலையோடு நிற்பதில்லை. எத்தனாலுக்கும் மெத்தனாலுக்கும் இடையேயுள்ள இடைவெளி ஒரு கரி அணுவும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களுமே. பார்வைக்கும் மணத்துக்கும் சுவைக்கும் இரண்டையும் சாதாரண மனிதர் வேறுபடுத்தி அறிய முடியாது. ஒன்று போதையைத் தரும். மற்றொன்று 10 மில்லிலிட்டர் அளவிலேயே கண்ணைப் பறிக்கக்கூடும், 30 மில்லிலிட்டர் அளவிலேயே உயிரைப் பறிக்கக்கூடும்.

உடலுக்குள் நடப்பது என்ன?

கல்லீரலில் உள்ள ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதி மெத்தனாலை முதலில் பார்மால்டிஹைடாக மாற்றுகிறது. அது மிக விரைவாகப் பார்மிக் அமிலமாக மாறுகிறது. இதுவரை வேகமாக ஓடிவந்த வண்டி இங்கே நின்றுவிடுகிறது. பார்மிக் அமிலத்தைக் கரியமில வாயுவாகவும் நீராகவும் சிதைக்க ஃபோலேட் எனும் வைட்டமின் துணை வேண்டும். மனிதரிலும் குரங்கினத்திலும் இந்தக் கடைசிப் படி மெதுவாகவே நடக்கிறது. எலிகளின் கல்லீரல் இதை வேகமாகச் செய்து முடிப்பதால் அவை இந்த நஞ்சை எளிதில் தாங்கிக்கொள்கின்றன; மனிதர்களால் முடிவதில்லை.

தேங்கும் அமிலம் இரண்டு வழிகளில் தாக்குகிறது. ஒன்று, இரத்தத்தின் அமிலத்தன்மையை உயர்த்துகிறது. மற்றொன்று, உயிரணுக்களுக்குள் ஆக்சிஜனைப் பயன்படுத்தி ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியாவின் முக்கிய நொதி ஒன்றை முடக்குகிறது. நுரையீரல் காற்றை வாங்குகிறது; இரத்தம் ஆக்சிஜனைச் சுமந்து செல்கிறது; ஆனால் உயிரணுவால் அதைப் பயன்படுத்த முடிவதில்லை. மிகுதியான ஆற்றல் தேவைப்படும் பார்வை நரம்பும் மூளையின் உட்பகுதிகளும் முதலில் வீழ்கின்றன. கண்ணுக்கு முன்னே பனி படர்ந்தது போலத் தோன்றுகிறது என்று நோயாளிகள் கூறுவது இதனால்தான்.

இங்கே ஓர் உண்மையைக் கவனிக்க வேண்டும். பார்மிக் அமிலம் உடலுக்கு வெளியிலிருந்து வந்த பகைவனன்று. நாம் உண்ணும் உணவின் அமினோ அமிலங்களிலிருந்து அது நாள்தோறும் சிறிதளவு உருவாகிறது. மரபுப்பொருளின் அடிப்படைக் கூறுகளைக் கட்டுவதற்கு உடல் அதைப் பயன்படுத்துகிறது. வரவுக்கேற்பச் செலவாகும் வரை அது வாழ்வின் கட்டுமானப் பொருள். வரவு பெருகிச் செலவு அடைபட்டால் அதுவே நஞ்சு.

ஃபோலேட் எங்கிருந்து கிடைக்கிறது? கீரையிலிருந்தும் பயறு வகைகளிலிருந்தும் பழங்களிலிருந்தும். ஃபோலேட் குறைந்த விலங்குகளின் உடலில் இந்த அமிலம் மேலும் அதிகமாகத் தேங்குவதைச் சோதனைகள் காட்டியுள்ளன. அன்றாடக் கூலியில் கீரையும் பயறும் எட்டாப் பொருளாகிவிட்ட குடும்பத்தில், நஞ்சை எதிர்க்கும் கருவியும் குறைந்துதான் இருக்கும் என்று அஞ்சுவதற்கு இடமிருக்கிறது.

இழந்த மணித்துளிகள்

மெத்தனால் குடித்தவர் உடனே சாவதில்லை. பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் வரை பெரிய அறிகுறி ஏதும் தெரிவதில்லை. சாதாரணச் சாராயமும் சேர்ந்திருந்தால் இந்த இடைவெளி இன்னும் நீளும். நொதி எத்தனாலையே முதலில் பற்றிக்கொள்வதால் மெத்தனால் காத்திருக்கிறது. வயிற்றுவலி, வாந்தி, தலைவலி, பார்வை மங்கல், மூச்சிரைப்பு ஆகியவை தோன்றும்போது அமிலம் ஏற்கெனவே தேங்கிவிட்டது என்று பொருள்.

இந்த இடைவெளிதான் உயிர் காக்கும் வாய்ப்பு. மருத்துவமனையில் நொதியைத் தடுக்கும் ஃபோமெபிசோல் மருந்தையோ, அது இல்லாதபோது அளவிடப்பட்ட எத்தனாலையோ கொடுத்தால் மெத்தனால் அமிலமாக மாறுவது நிற்கும். சோடியம் பைகார்பனேட் இரத்தத்தின் அமிலத்தன்மையைத் தணிக்கும். ஃபோலினிக் அமிலம் அல்லது ஃபோலிக் அமிலம் தேங்கியதைச் சிதைக்க உதவும். இரத்தச் சுத்திகரிப்பு மெத்தனாலையும் பார்மிக் அமிலத்தையும் சேர்த்தே வெளியேற்றும். ஃபோமெபிசோலை உலக சுகாதார நிறுவனம் 2013இல் தன் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. இவற்றில் எதுவும் மருத்துவ அறிவியலின் எட்டாக் கனியன்று. வீட்டிலேயே சாராயம் கொடுத்து முறிக்கலாம் என்று எவரும் முயலக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அளவும் கண்காணிப்பும் மருத்துவரின் கையில் இருந்தால்தான் அது மருந்து.

அப்படியிருந்தும் மக்கள் ஏன் மடிகிறார்கள்? மருத்துவமனைக்கு வரும்போதே காலம் கடந்துவிடுகிறது. ஏன் கடந்துவிடுகிறது? குடித்ததாகச் சொன்னால் வழக்கு வரும் என்ற அச்சம். அன்றாடக் கூலியை இழக்க முடியாத நிலை. வயிற்றுவலிதானே என்ற அலட்சியம். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தத்தின் அமிலத்தன்மையைச் சோதிக்கும் வசதியின்மை. இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரம் பல பத்துக் கிலோமீட்டர் தொலைவில் இருப்பது. இவற்றில் அலட்சியம் ஒன்றுதான் தனிமனிதரின் குறை. மற்றவை அனைத்தும் அரசின் குறைகள்.

சாவின் வரைபடம்

2011 டிசம்பரில் மேற்கு வங்கத்தின் சங்கராம்பூரில் 150 பேருக்கு மேல் இறந்தனர். 2015 ஜூனில் மும்பையின் மால்வானி குடிசைப் பகுதியில் சுமார் 100 பேர். 2019 பிப்ரவரியில் அசாமின் கோலாகாட், ஜோர்காட் மாவட்டங்களில் 150 பேருக்கு மேல். அவர்களில் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள், பெண்களும் அவர்களுள் அடக்கம். 2020 ஜூலை இறுதியில் பஞ்சாபின் தரண் தாரண், அமிர்தசரஸ், குர்தாஸ்பூர் மாவட்டங்களில் 100 பேருக்கு மேல். 2022 ஜூலையில் குஜராத்தின் போட்டாட் பகுதியில் 40 பேருக்கு மேல். அதே ஆண்டு டிசம்பரில் பீகாரின் சாரண் மாவட்டம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் 60 பேருக்கு மேல். 2025 மே மாதத்தில் மீண்டும் பஞ்சாப், அமிர்தசரஸ் மாவட்டத்தின் மஜிதா பகுதியில் 20 பேருக்கு மேல்.

இந்தப் பட்டியலில் மதுவிலக்கு உள்ள மாநிலங்களும் உண்டு, இல்லாதவையும் உண்டு. காங்கிரஸ், பா.ஜ.க., திரிணாமுல், ஆம் ஆத்மி, தி.மு.க. என எல்லா ஆட்சிகளும் உண்டு. மடிந்தோர் பட்டியலில் மட்டும் வேற்றுமை இல்லை: கூலித் தொழிலாளர்கள், தோட்டத் தொழிலாளர்கள், குடிசைவாசிகள், தலித்துகள், பழங்குடியினர்.

குஜராத்தில் மாநிலம் உருவான 1960 முதலே மதுவிலக்கு நடைமுறையில் உள்ளது. 2009இல் அகமதாபாத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மடிந்த பிறகு நச்சுச் சாராய விற்பனைக்கு மரண தண்டனை வரை விதிக்கச் சட்டம் இயற்றப்பட்டது. 2022இல் போட்டாட் நிகழ்வதை அச்சட்டம் தடுக்கவில்லை. அங்கே மக்கள் குடித்தது காய்ச்சிய சாராயமே அன்று. அகமதாபாத்தின் ஒரு கிடங்கிலிருந்து ஊழியர் ஒருவர் வழியாக வெளியேறிய தொழிற்சாலை மெத்தனால் நீரில் கலந்து விற்கப்பட்டது என்று காவல்துறையே கூறியது. மஜிதாவில் மெத்தனால் இணையவழியில் மொத்தமாக வாங்கப்பட்டதாகப் பஞ்சாப் காவல்துறை தெரிவித்தது.

பீகாரில் 2016 ஏப்ரல் முதல் முழு மதுவிலக்கு. சாரண் சாவுகளின்போது அன்றைய முதலமைச்சர் நிதிஷ் குமார், குடித்தால் சாகத்தான் செய்வார்கள் என்ற பொருளில் பேசினார். இழப்பீடு தர மறுத்தார். மாநில அரசு கூறிய எண்ணிக்கையைவிட மிக அதிகமானோர் மடிந்ததாகத் தேசிய மனித உரிமை ஆணையம் கண்டது. குடிப்பதே குற்றம் என்று ஆக்கப்பட்ட இடத்தில் குடும்பங்கள் சாவையே மறைக்கின்றன. நோயாளியை மறைக்கின்றன என்பதைவிட அதற்கு வேறு பொருள் இல்லை. மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் உடலுக்குள் அமிலம் ஏறுகிறது. 2023 ஏப்ரலில் மீண்டும் சாவுகள் நிகழ்ந்த பிறகே, 4 இலட்ச ரூபாய் உதவித்தொகையை அந்த அரசு அறிவித்தது.

குடிப்பழக்கத்தை நாம் ஆதரிக்கவில்லை. உழைப்பாளியின் கூலியையும் உடலையும் குடும்பத்தையும் அது அழிக்கிறது என்பதை நம் மாதர் இயக்கம் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறது. சாராயக் கடைகளுக்கு எதிராக உழைக்கும் பெண்கள் நடத்திய போராட்டங்கள் நம் பெருமைக்குரியவை. ஆனால், குடியை எதிர்ப்பது வேறு, குடித்தவரின் சாவை நியாயப்படுத்துவது வேறு. முதலாவது வர்க்கத்தின் மீதுள்ள அக்கறை. இரண்டாவது ஆளும் வர்க்கத்தின் ஒழுக்கப் போதனை. நம் அணிகளிலும்கூடச் சில நேரங்களில் இரண்டாவது குரல் ஒலிக்கிறது. அதை நாம் வெளிப்படையாக எதிர்கொள்ள வேண்டும்.

கொட்டகையிலும் கூடத்திலும்

அமிலத்தின் மறுமுகத்துக்கு வருவோம். பார்மிக் அமிலத்தைத் தடை செய்துவிடலாமே என்று சிலர் கேட்கக்கூடும். ரப்பர்ப் பாலை உறைய வைத்துத் தாளாக்க அமிலம் வேண்டும். விலை மலிவு என்பதற்காகக் கந்தக அமிலத்தைப் பயன்படுத்தினால் ரப்பரின் தரமும் கெடும், கருவிகளும் அரிக்கும், ஆபத்தும் குறையாது. ஆகவே தேவை தடையன்று, ஒழுங்கு.

இந்த அமிலத்தின் இயல்புகளை அதைக் கையாளும் ஒவ்வொரு தொழிலாளியும் அறிந்திருக்க வேண்டும். இது நிறமற்ற திரவம்; மூக்கைத் துளைக்கும் நெடி உடையது. சுமார் 100.8 பாகை செல்சியசில் கொதிக்கும். புளிக்காடியில் உள்ள அசிட்டிக் அமிலத்தைவிட அமில வலிமையில் ஏறத்தாழ பத்து மடங்கு. சந்தையில் பெரும்பாலும் 85 விழுக்காடு, அதற்கு மேலும் செறிவுள்ளதாக விற்கப்படுகிறது. ரப்பர்ப் பாலுக்குத் தேவைப்படுவதோ ஒரு விழுக்காடு அளவுக்கு நீர்த்த கரைசல்தான். அந்தச் செறிந்த அமிலம் தோலில் பட்டால் புண்ணாக்கும். கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். ஆவியைச் சுவாசித்தால் நுரையீரலைத் தாக்கும். தோலின் வழியாகவும் உட்புகுந்து, முன்னர்க் கூறிய இரத்த அமிலத்தன்மையை உண்டாக்கக்கூடும். விழுங்கினால் உணவுக்குழாய் வெந்துபோவதோடு சிவப்பணுக்கள் சிதைந்து சிறுநீரகம் செயலிழக்கும்.

இன்னொரு ஆபத்து பலர் அறியாதது. செறிந்த பார்மிக் அமிலம் தானாகவே மெல்ல மெல்லச் சிதைந்து கார்பன் மோனாக்சைடு வாயுவை வெளியிடுகிறது. இறுக மூடி வெயிலில் வைத்த கலன் உள்ளழுத்தத்தால் வெடிக்கலாம். காற்றோட்டமில்லாத அறையில் அந்த மணமற்ற வாயு தேங்கலாம். செறிந்த கந்தக அமிலத்துடன் சேர்ந்தால் இவ்வாயு வேகமாகப் பொங்கும். தோல் பதனிடும் கூடங்களில் இவ்விரு அமிலங்களும் அடுத்தடுத்து வைக்கப்படுவது வழக்கம். பெயர்ச்சீட்டு இல்லாத இரண்டு கேன்களை ஒருவர் தவறுதலாக ஒன்றில் ஊற்றினால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

பாதுகாப்பு விதிகள் எளியவை. அமிலத்தை நீரில் ஊற்ற வேண்டும். நீரை ஒருபோதும் அமிலத்தில் ஊற்றக் கூடாது. கையுறை, கண்ணாடி, முழங்கால் வரையிலான காலணி, மேலங்கி ஆகியவை இன்றி செறிந்த அமிலத்தைத் தொடக் கூடாது. காற்றோட்டமான, நிழலான, பூட்டிய இடத்தில், அழுத்தம் வெளியேறும் மூடியுள்ள கலனில், தெளிவான தாய்மொழிப் பெயர்ச்சீட்டுடன் வைக்க வேண்டும். குளிர்பானப் புட்டியிலோ மதுப்புட்டியிலோ ஒருபோதும் ஊற்றி வைக்கக் கூடாது. பட்டுவிட்டால் உடையைக் கழற்றி, ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடம் இடைவிடாது கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் இமைகளைத் திறந்து பிடித்துக் கழுவ வேண்டும். விழுங்கியவரை வாந்தி எடுக்கச் செய்யக் கூடாது. சோடா உப்பைக் கரைத்துக் கொடுக்கவும் கூடாது. வாயைக் கொப்பளிக்கச் செய்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

இவை அனைத்தையும் சுவரில் எழுதி ஒட்டிவிட்டால் போதுமா? போதாது. ரப்பர்ப் பால் வெட்டும் தொழிலாளியின் வீட்டிலும் சிறு விவசாயியின் சமையலறை ஓரத்திலும் செறிந்த அமிலப் புட்டி இருக்கும் வரை, அது ஒரு குழந்தையின் கைக்கும் எட்டும், விரக்தியின் விளிம்பில் நிற்கும் ஒருவரின் கைக்கும் எட்டும். பார்மிக் அமிலம் விழுங்கிய நோயாளிகளைப் பற்றிக் கேரளத்தின் மருத்துவர்கள் வெளியிட்டுள்ள ஆய்வுகள் இந்தத் துயரத்துக்குச் சான்று. அவர்களில் பெரும்பாலோர் ரப்பர் விளையும் பகுதிகளைச் சேர்ந்தவர்கள். ரப்பர் விலை சரிந்து கடன் ஏறிய இல்லத்தில் அந்தப் புட்டி என்ன பொருளாக மாறுகிறது என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ரப்பர் உற்பத்தியாளர் சங்கங்களும் கூட்டுறவுகளும் ஒரே இடத்தில் பாதுகாப்பாக நீர்த்து, நீர்த்த கரைசலை மட்டுமே வீடுகளுக்கு வழங்கினால் இந்த ஆபத்தின் பெரும்பகுதி நீங்கும். செலவு சிறிது, தேவைப்படுவது அமைப்பு.

சட்டத்தின் பின்னடைவு

1984 டிசம்பரில் போபால் நிகழ்ந்தது. அதன் விளைவாக 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் ஆபத்தான உற்பத்தி முறைகள் குறித்துத் தனி அத்தியாயம் சேர்க்கப்பட்டது. ஆபத்து குறித்த தகவலைத் தொழிலாளிக்குத் தெரிவிக்கும் கடமை முதலாளிக்கு உண்டு என்றும், உடனடி ஆபத்தை எச்சரிக்கும் உரிமை தொழிலாளிக்கு உண்டு என்றும் அது கூறியது. ஆயிரக்கணக்கான உயிர்களின் விலை கொடுத்து வாங்கப்பட்ட உரிமைகள் அவை.

2025 நவம்பர் 21 அன்று ஒன்றிய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தொழிற்சாலை என்ற வரையறைக்குள் வரத் தேவையான தொழிலாளர் எண்ணிக்கை, மின்விசை பயன்படுத்தும் கூடங்களில் 10இலிருந்து 20 ஆகவும், பயன்படுத்தாத கூடங்களில் 20இலிருந்து 40 ஆகவும் உயர்த்தப்பட்டுள்ளது. ஆய்வாளர் இனி ஆய்வாளர் மட்டுமல்லர். முதலாளிக்கு ‘வசதி செய்து தருபவரும்’ ஆவார். பார்மிக் அமிலத்தைக் கையாளும் சாயப்பட்டறைகளும் தோல் கூடங்களும் பெரும்பாலும் சிறியவை. ஒப்பந்தத் தொழிலாளர்களையும் புலம்பெயர்ந்த தொழிலாளர்களையும் கொண்டு நடப்பவை. பாதுகாப்பு எங்கே மிகவும் தேவையோ அங்கிருந்தே சட்டம் பின்வாங்குகிறது.

அதே நேரத்தில் ‘மெத்தனால் பொருளாதாரம்’ என்ற பெயரில் எரிபொருளாக மெத்தனாலின் பயன்பாட்டைப் பெருக்க நிதி ஆயோக் திட்டங்களை முன்வைத்து வருகிறது. பிசின், பசை, மருந்து, பூச்சிக்கொல்லி, வண்ணப்பூச்சுத் தொழில்களுக்கு மெத்தனால் தேவை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், ஓடும் லாரிகள் பெருகும்போது கசியும் வழிகளும் பெருகும். துறைமுகத்திலிருந்து கிடங்கு, கிடங்கிலிருந்து ஆலை என ஒவ்வொரு லிட்டருக்கும் கணக்கு வேண்டும் என்று கோரினால், ‘தொழில் செய்வதை எளிதாக்குதல்’ என்ற மந்திரம் ஓதப்படுகிறது. ஆலைக்கு எளிதாகும் வணிகம், சாராய வியாபாரிக்கும் எளிதாகிறது.

மனிதனுக்கும் இயற்கைக்கும் இடையிலான பொருள் பரிமாற்றத்தை உழைப்பின் வழியே நடக்கும் வளர்சிதை மாற்றம் என்று மார்க்ஸ் விளக்கினார். மெத்தனாலின் பயணத்தையும் அவ்வாறே நோக்க வேண்டும். அதன் கடைசிக் கட்டம் ஏழையின் கல்லீரலில் நடக்கிறது. முந்தைய கட்டங்கள் அனைத்தும் இறக்குமதியாளர், கிடங்கு உரிமையாளர், இடைத்தரகர், கையூட்டுப் பெறும் அதிகாரி, அவர்களுக்கு நிழல் தரும் அரசியல்வாதி ஆகியோரின் கைகளில் நடக்கின்றன. கைதாகிறவர் எப்போதும் கடைசிக்கு முந்தைய ஆள்: சாக்கடை ஓரத்தில் பொட்டலம் விற்றவர்.

நாம் கோர வேண்டியவை

முதலாவதாக, மெத்தனாலின் உற்பத்தி, இறக்குமதி, இருப்பு, விற்பனை அனைத்தும் நாடு முழுவதும் ஒரே பதிவேட்டின் கீழ்க் கொண்டுவரப்பட வேண்டும். இணையவழி விற்பனை தடுக்கப்பட வேண்டும். காணாமற்போகும் மெத்தனாலுக்கு அதை வைத்திருந்த நிறுவனமே குற்றப்பொறுப்பு ஏற்க வேண்டும். வேதியியல் ரீதியாக இடமளிக்கும் பயன்பாடுகளுக்கான மெத்தனாலில் நிறமும் தாங்க முடியாத கசப்பும் சேர்க்கப்பட வேண்டும்.

இரண்டாவதாக, ஃபோமெபிசோல், ஃபோலினிக் அமிலம், சோடியம் பைகார்பனேட் ஆகியவை ஒவ்வொரு மாவட்ட மருத்துவமனையிலும் எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும். அமிலத்தன்மைச் சோதனையும் இரத்தச் சுத்திகரிப்பும் வட்ட அளவுக்கு வர வேண்டும். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும் ஆஷா பணியாளர்களுக்கும் பயிற்சி வேண்டும்.

மூன்றாவதாக, நச்சுச் சாராயம் குடித்துச் சிகிச்சைக்கு வருபவர் மீது எந்த மாநிலத்திலும் வழக்குத் தொடரப்படாது என்று சட்டமே உறுதியளிக்க வேண்டும். உயிர் பிழைக்க ஓடிவருபவரைக் காவல்துறை வாயிலில் நின்று வரவேற்கக் கூடாது.

நான்காவதாக, அமிலத்தைக் கையாளும் ஒவ்வொரு கூடமும், தொழிலாளர் எண்ணிக்கை எதுவாயினும், பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வர வேண்டும். பாதுகாப்புக் கருவிகளுக்கான செலவு முதலாளியுடையது. அவசர நீர்க்குழாயும் கண் கழுவும் வசதியும் இல்லாத கூடம் இயங்கக் கூடாது. தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் திரும்பப் பெறப்பட வேண்டும் என்ற நம் கோரிக்கையின் உள்ளடக்கம் இதுவே.

கோரிக்கைகள் நிறைவேறும் வரை காத்திருக்க வேண்டியதில்லாத வேலையும் ஒன்று உண்டு. நம் கிளைகள் இயங்கும் குடியிருப்புகளிலும் தோட்டங்களிலும் ஒரு செய்தியை வீடுவீடாகக் கொண்டுசெல்ல முடியும். குடித்த மறுநாள் கண் மங்கினாலோ மூச்சிரைத்தாலோ வயிறு வலித்து வாந்தி வந்தாலோ, ஒரு மணி நேரமும் தாமதிக்காதீர்கள்; மருத்துவரிடம் உண்மையைச் சொல்லுங்கள்; உடன் குடித்தவர்களுக்கு அறிகுறி இல்லாவிட்டாலும் அவர்களையும் அழைத்து வாருங்கள். கடைசி வாக்கியம் முக்கியமானது. நலமாக இருப்பதாகத் தோன்றும் அந்த நண்பருக்குத்தான் பிழைக்கும் வாய்ப்பு மிகுதி. அதேபோல் நம் தொழிற்சங்கங்கள், சாயப்பட்டறை, தோல் கூடம், ரப்பர்க் கொட்டகை ஒவ்வொன்றிலும் உள்ள அமிலக் கலன்களைத் தொழிலாளர்களோடு சேர்ந்து ஒரு நாள் சுற்றிப் பார்க்கட்டும்: பெயர்ச்சீட்டு இருக்கிறதா, கையுறை இருக்கிறதா, கழுவ நீர் இருக்கிறதா என்று. இந்த மூன்று கேள்விகளிலிருந்து தொடங்கும் போராட்டம் கூலிப் போராட்டத்துக்குச் சற்றும் குறைந்ததன்று.

எறும்பு தன்னைக் காத்துக்கொள்ளச் சுமந்து திரியும் அமிலம் இது. உழைக்கும் மக்கள் தங்களைக் காத்துக்கொள்ளச் சுமக்க வேண்டியது இதைப் பற்றிய அறிவும், அந்த அறிவை உரிமையாக மாற்றும் அமைப்பும்தான்.